மன்னிக்கப்பட்டவரைத் தேடி: பீன்யாவிலிருந்து அத்திபெலே வரை

போன நவம்பரில் இரண்டு நாள் படப்பிடிப்புக்காகப் பெங்களூர் போய்வந்தேன். நகரத்தின் வடமேற்கு மூலையில் பீன்யாவில் ஒருவர். தென்கிழக்கே, ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் இன்னொருவர். இருவரையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்துவிட்டு, கடைசியில் ஹெப்பகோடியில் ஓர் அறையில் இருவரும் கைகுலுக்குவதைப் படம்பிடிக்க வேண்டும். கேட்டபோது சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. சொந்த வண்டி இல்லாமல் இந்த மூன்று இடங்களுக்கும் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று வழியையும் செலவையும் சேர்த்து எழுதுகிறேன். மற்றபடி இந்தப் பயணம் எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. எழுதினால் புரியும் என்ற ஆசையும் உண்டு.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருடமாக ஆவடியில் இருந்துகொண்டு தனியாக வீடியோ தயாரிக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவ ஊழியங்களும் தொண்டு நிறுவனங்களும். நான் கிறிஸ்தவள் இல்லை. முதல் வேலை தற்செயலாக ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அவர்கள் இன்னொருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, இப்படியே ஓடிவிட்டது. எல்லோரும் என்னை 'சிஸ்டர்' என்கிறார்கள். 'பிரெய்ஸ் த லார்ட்' என்று அவர்கள் வாழ்த்தினால் நானும் பதிலுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது தெரிந்தும் யாரும் இதுவரை என்னை வேலையிலிருந்து நிறுத்தியதில்லை.

இந்த வேலையைக் கொடுத்தவர் ஸ்டான்லி. பெங்களூரில் வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு உதவும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தை நடத்துகிறார். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் நடந்து கன்னடத்தில் முடிப்பார். ஃபோனில் அவர் சொன்ன கதை இது. எட்டு வருடத்துக்கு முன்னால் சேகர் என்ற இளைஞருக்கு பீன்யாவில் ஒரு கம்பெனியில் ப்ரெஸ் மெஷினில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கை உள்ளே போகாமல் தடுக்க அந்த மெஷினில் ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும். 'கார்டு' என்பார்கள். அன்றைக்கு அது கழற்றப்பட்டிருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லிவிட்டார். சேகர் பிறகு கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்து அந்த சூப்பர்வைசரை மனதார மன்னித்துவிட்டார். பல சபைகளில் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லிவருகிறார். இப்போது சூப்பர்வைசரும் கேமரா முன்னால் வர சம்மதித்திருக்கிறார்.

"மன்னிப்புதான் சிஸ்டர் நம்ம தீம். எட்டு நிமிஷம் போதும். எங்க நன்றி ஸ்தோத்திரக் கூட்டத்துல போடணும். கடைசி ஷாட் அந்த ஹேண்ட்ஷேக்."

அந்தக் கையால் எப்படிக் குலுக்குவார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

முதல் நாள். சென்னையிலிருந்து விடியற்காலை ரயிலில் கிளம்பினால் பத்தரை மணிவாக்கில் பெங்களூர் சிட்டி ஸ்டேஷன். அங்கிருந்து மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்தில் மெட்ரோ ஏறலாம். பீன்யாவுக்கு ஐம்பது ரூபாய். கேமரா பையை ஸ்கேனரில் போட்டதும் காவலர் திறந்து காட்டச் சொல்வார். ட்ரைபாட் தனி உறையில் இருந்தால் அது என்ன என்று இரண்டு பேர் கேட்பார்கள். பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழப்பம் இங்கேதான். சேகர் ஃபோனில், "பீன்யால இறங்குங்க மேடம்" என்றிருந்தார். பீன்யா என்று ஒரு ஸ்டேஷன், அதற்கு அடுத்தது பீன்யா இண்டஸ்ட்ரி என்று இன்னொரு ஸ்டேஷன். நான் முதலாவதில் இறங்கிவிட்டேன். அவர் இரண்டாவதில் காத்திருந்தார். சரி, நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனிக்கே போய்விடுங்கள், நானே ஆட்டோவில் வருகிறேன் என்று சொல்லி, அது இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு ஆட்டோக்காரரிடம் "செகண்ட் ஃபேஸ்" என்றேன்.

"ஃபேஸா, ஸ்டேஜா?" என்றார் அவர்.

"ரெண்டும் வேறயா?"

"வேறம்மா. ஸ்டேஜ் இருக்குது, ஃபேஸ் இருக்குது, ஃபேஸுக்குள்ள கிராஸ் ரோடு இருக்குது. யாராவது ஒருத்தர் உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருப்பாங்க."

சேகருக்கு மறுபடி ஃபோன் போட்டு ஆட்டோக்காரரிடமே கொடுத்தேன். இருவரும் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்துக்குப் போய், ஒரு டயர் கடையை அடையாளமாக வைத்து ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எண்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பீன்யாவுக்குப் போகிறவர்கள் முகவரியை வாங்காதீர்கள். லொக்கேஷனை அனுப்பச் சொல்லுங்கள்.

சேகருக்கு முப்பத்துநாலு வயது. வாணியம்பாடி பக்கம். இப்போது அட்டைப்பெட்டி தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் கொட்டகையில் பேட்டி எடுக்க முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். அடுக்கிவைத்த அட்டைகள் நடுவில் சத்தம் எதிரொலிக்காது. அந்த விதத்தில் என் வாழ்க்கையிலேயே மிக நல்ல ஒலிப்பதிவு அறை அது.

கேமராவை ஓடவிட்டதும் சேகர் சொல்லத் தொடங்கினார். அப்படி ஒரு கோர்வை. மெஷின் இறங்கிய சத்தம், வலி வருவதற்கு முன்னால் வந்த அந்த அமைதி, ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த சூப்பர்வைசர் நாகராஜப்பாவை நான் மன்னிச்சேன்" என்று சொல்லி முடித்ததும் அவர் கண் தானாகவே கூட்டத்தைத் தேடியது. எதிரில் நானும் அட்டைகளும்தான் இருந்தோம்.

பொய்யாக நடித்தார் என்று சொல்லவில்லை. பலமுறை சொன்ன கதைக்கு ஒரு வழவழப்பு வந்துவிடும், அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் கலைக்க நான் வழக்கமாக எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்பேன். அப்படித்தான் கேட்டேன்.

"கார்டைக் கழட்டச் சொன்னது அவர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது சேகர்? யாராவது சொன்னாங்களா?"

யோசிக்கிறார் என்று புரிந்தது. இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை போல.

"அவர்தானே சூப்பர்வைசர்."

"ஆமா. ஆனா அன்னிக்கு அவர் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

"இல்ல மேடம். நான் ஷிஃப்ட்டுக்கு வரும்போதே கழட்டித்தான் இருந்துச்சு." பிறகு அவரே சொன்னார்: "அவர் அழுதாரு. ஆஸ்பத்திரில என்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்போ பார்த்தேன். பெஞ்சுல உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாரு. தப்புப் பண்ணாத மனுஷன் எதுக்கு மேடம் அப்படி அழணும்?"

கேமராவை நிறுத்தினேன். அவர் அட்டைக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறந்தார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே கேமராவுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மன்னிச்சேன்னு ஒத்தை வார்த்தைல சொல்லிடறேன். ஆனா அந்தாள் பேரைச் சொல்லி ஜெபம் பண்றதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. பேர் வாயில வந்தா பல்லைக் கடிச்சுக்குவேன். தினமும் காலையில எழுந்து கொஞ்சம் கொஞ்சமா... அது ஒரு வேலை மாதிரிதான் பண்ணேன்."

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருக்களில் சில காட்சிகள் எடுத்துவிட்டு யஷ்வந்தபுரத்தில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். பெண்கள் தனியாகத் தங்கலாம், சுத்தம். தண்ணீர் மட்டும் காலையில்தான் சூடாக வரும்.

இரண்டாம் நாள். யஷ்வந்தபுரத்திலிருந்து பச்சைத் தடத்தில் ஆர்.வி. ரோடு வரை போய், அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறி, கடைசி ஸ்டேஷனான பொம்மசந்திரா வரை. முழுசுக்கும் தொண்ணூறு ரூபாய். முன்பெல்லாம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தே ஒரு முழுப் பேட்டியை எடிட் செய்திருக்கிறேன். இப்போது அதன் தலைக்கு மேல் போய்விடலாம். மஞ்சள் தடத்தில் ரயில்கள் அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. நான் போன அன்று கால் மணி நேரம் நின்றேன். சீட்டு கிடைக்காது. ஹெப்பகோடி ஸ்டேஷன் பொம்மசந்திராவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அன்று மதியம் அங்கேதான் திரும்பி வரவேண்டும் என்பதால் ஜன்னல் வழியாக அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பொம்மசந்திராவிலிருந்து அத்திபெலே பத்து கிலோமீட்டருக்குள்தான். ஓசூர் ரோட்டில் பஸ்கள் நிறைய. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் ஆதார் கேட்டார். கர்நாடகப் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். என் அட்டையில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். நீங்களும் தமிழ்நாட்டிலிருந்து போகிறீர்கள் என்றால் சில்லறையோடு ஏறுங்கள்.

அத்திபெலேயில் நாகராஜப்பாவைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தண்ணீர் கேன் சப்ளை செய்கிறார். கடைக்கு முன்னால் நீலக் கேன்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அறுபது வயதைத் தொட்டவர். வீட்டில் கன்னடம், வியாபாரத்தில் தமிழ். "பன்னி, பன்னி, உள்ள வாங்கம்மா" என்று ஒரே மூச்சில் கன்னடத்திலும் தமிழிலும் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். நான் ட்ரைபாடை விரிப்பதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு என் கையில் கொடுத்தார்.

ஏதோ ஒரு கூட்டத்தில் சேகர் பேசுகிற மூன்று நிமிடத் துண்டு. "நாகராஜப்பாவை மன்னிச்சேன்" என்றதும் கூட்டம் அல்லேலூயா சொல்கிறது.

"இது என் பையனுக்கு வாட்ஸப்புல வந்தது. அப்புறம் என் சம்பந்திக்கு வந்தது. கம்பெனி பேர், ஊர் பேர், என் பேர் எல்லாம் இருக்குது. சம்பந்தி கேட்டார், 'நீங்க என்ன பண்ணீங்க, அந்தப் பையன் மன்னிக்கிற அளவுக்கு?' நான் என்னம்மா சொல்றது?"

"நீங்க இன்னிக்கு அவரைப் பார்க்க சம்மதிச்சிருக்கீங்கன்னு ஸ்டான்லி சார் சொன்னாரே."

"சம்மதிச்சேன். அவன் கேமராவுல சொன்னான், எல்லாரும் நம்பிட்டாங்க. நானும் கேமராவுல சொல்லணும்னு சம்மதிச்சேன். வேற எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டான்லி ஒரு படத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் வேறொரு படத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்.

கேமராவை ஓடவிட்டேன். கேன் இறக்கும் சத்தம் நிற்கவே இல்லை; கடைப் பையனிடம் அவர் இரண்டு முறை கையைக் காட்டினார், நிற்கவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் சொன்னார். கார்டைக் கழற்றும்படி தான் யாரிடமும் சொல்லவில்லை என்றார். முந்தின ஷிஃப்டில் யாரோ கழற்றியிருக்கிறார்கள். தான் உள்ளே வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அலறல் கேட்டுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பையன் கீழே கிடக்கிறான்.

"விரலைத் தேடி எடுக்கச் சொன்னாங்க, ஒட்ட வெக்கலாம்னு. யாரும் கிட்டப் போகல. என் டிபன் பாக்ஸ்ல சித்ரான்னம் இருந்தது. அதைக் கொட்டிட்டு, கழுவி, விரலை நான்தான் எடுத்து அதுல போட்டேன். வழியில ஜூஸ் கடையில ஐஸ் வாங்கினேன். ஆட்டோல அவன் தலை ஒரு மடியில, டிபன் பாக்ஸ் ஒரு மடியில. டாக்டர் திறந்து பார்த்துட்டு, நசுங்கிடுச்சு, ஒட்ட வெக்க முடியாதுன்னு திருப்பிக் குடுத்துட்டார். என் கையில குடுத்துட்டார்மா. அதை வெச்சுகிட்டு நான் எங்க போறது? பெஞ்சுல உட்கார்ந்து அழுதேன்."

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நீங்க அப்புறம் அவரைப் போய்ப் பார்க்கலையா?"

"ரெண்டு தடவை போனேன். முதல் தடவை தூங்கிட்டிருந்தான். ரெண்டாவது தடவை என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். வலியில இருக்கான்னு நினைச்சேன். அப்புறம் கம்பெனியும் மூடிட்டாங்க."

இவர் சொல்வது உண்மையா? எனக்கு எப்படித் தெரியும். சாட்சிக்கு ஆள் இல்லை, கம்பெனி இல்லை. சம்பந்தியிடம் பேரைக் காப்பாற்ற வேண்டியவர். ஆனால் அந்த சித்ரான்னம் என்னைப் படுத்தியது. பொய் சொல்ல உட்காருகிறவர் அதைச் சேர்ப்பாரா? நன்றாகப் பொய் சொல்கிறவர் சேர்ப்பாரோ? நேற்று கேட்டது அத்தனை கோர்வையாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இன்று கேட்டது கோர்வை இல்லாமல் இருப்பதாலேயே நம்புகிறேனா? இது ஒரு எடிட்டரின் புத்தி. இதை வைத்து ஒரு மனிதரைத் தீர்மானிக்கலாமா என்று குழம்பிப்போய் கடைக்கு வெளியே வந்து ஸ்டான்லிக்கு ஃபோன் செய்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "சிஸ்டர், அந்த டெஸ்டிமனியைக் கேட்டு எத்தனையோ பேர் வீட்ல சமாதானம் ஆகியிருக்காங்க. அண்ணன் தம்பி பேசியிருக்காங்க, எனக்கே தெரியும். அதெல்லாம் பொய்யா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"தெரியல சார். சேகர் கிட்ட முன்னாடியே சொல்லிடலாமா?"

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. கேமரா ஓடும்போது இது வெளியே வரக்கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.

நாகராஜப்பா தன் தண்ணீர் கேன் வண்டியிலேயே என்னை ஹெப்பகோடிக்கு அழைத்துப் போனார். பத்து கிலோமீட்டர்தான், ஆனால் ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் தண்ணீர் வியாபாரத்தைப் பற்றியே பேசினார். ஒரே ஒரு முறை, சம்பந்தமே இல்லாமல், "அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆயிற்று, ஒரு பெண் குழந்தை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

தொண்டு நிறுவனத்தின் தையல் பயிற்சி அறையில் ஏற்பாடு. மெஷின்களை ஓரமாக ஒதுக்கி இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தார்கள். சேகர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நாகராஜப்பா உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். மேடையில் அத்தனை கோர்வையாகப் பேசுகிறவருக்கு வணக்கம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

நான், "பேட்டரி மாத்தணும், பத்து நிமிஷம்" என்றேன். பேட்டரி நிறைய இருந்தது. ஸ்டான்லிக்கும் அது தெரியும். அவர் கதவைச் சாத்தினார்.

நாகராஜப்பா உட்கார்ந்தார். சேகரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிர் நாள்ல வலிக்குதா?"

"வலிக்குது சார். இல்லாத விரல்தான் வலிக்குது."

"அப்படித்தான் டாக்டரும் சொன்னாரு அன்னிக்கு."

சேகர் நிமிர்ந்தார். "எந்த டாக்டர்? உங்ககிட்ட எதுக்கு டாக்டர் சொன்னாரு?"

நாகராஜப்பா சொன்னார். என்னிடம் சொன்ன அதே வரிசையில் இல்லை. ஐஸிலிருந்து ஆரம்பித்து, ஆட்டோவுக்குப் போய், பிறகு டிபன் பாக்ஸுக்கு வந்தார். குற்றம் சாட்டவில்லை. தன் பேரை ஏன் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் அதைக் கேட்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

சேகர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நீங்க அழுதீங்களே சார்" என்றார்.

"அழாம என்ன பண்றது? உன் விரல் என் கையில இருக்குது. உன்னை உள்ள தள்ளிட்டுப் போறாங்க."

சேகர் தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். அவர் முகத்தில் நான் நிம்மதியை எதிர்பார்த்தேன். இல்லை, பயந்தது போல இருந்தது. ஸ்டான்லியைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ நான் இத்தனை வருஷமா யாரைண்ணே மன்னிச்சேன்?"

எந்தக் கூட்டத்திலும் ஸ்டான்லிக்கு ஒரு பைபிள் வசனம் கையில் இருக்கும். அன்று இல்லை.

சேகர் நாகராஜப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னார், "சார், இனிமே எங்கயும் உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். சத்தியமா."

நாகராஜப்பா தலையை அசைத்தார். "பேரை எடுக்காம விட்டா, நான் பண்ணதாவே இருந்துடும். பேரைச் சொல்லு. டிபன் பாக்ஸையும் சேர்த்துச் சொல்லு."

அப்புறம்தான் கேமராவை ஓடவிட்டேன். கைகுலுக்கும் காட்சி என்னிடம் இல்லை. சேகர் கேமராவைப் பார்க்காமல், நாகராஜப்பாவைப் பார்த்தே பேசினார். தடுமாறினார். நடுவில் மறந்துவிட்டு, "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று அவரிடமே கேட்டார். மெஷினிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாதே. மயங்கிக் கிடந்தவரின் கதையை நாகராஜப்பா எடுத்துக் கொடுக்க, அவர் சொல்லிக்கொண்டே போனார். எட்டு நிமிடத்துக்குப் பதில் பன்னிரண்டு நிமிடம். நான் வெட்டவில்லை. ஸ்டான்லியும் வெட்டச் சொல்லவில்லை. வாட்ஸப்பில் சுற்றிய அந்தப் பழைய வீடியோத் துண்டை நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து அவராகவே எடுத்துவிட்டார்.

ஸ்தோத்திரக் கூட்டத்தை நான் ஆவடியிலிருந்து நேரலையில் பார்த்தேன். படம் முடிந்ததும் எப்போதும் வரும் அல்லேலூயா வரவில்லை. எந்த இடத்தில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை போல. பின்னால் ஒரு குழந்தை அழுதது; யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அந்த மௌனத்தை நான் தோல்வி என்று எடுத்துக்கொள்வதா வேறு ஏதாவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. படத்தில் நான் நாகராஜப்பாவின் கதையை நம்பித்தான் சேர்த்திருக்கிறேன். நம்பியது சரியா என்று கேட்டால், சேகர் நம்பினார், அதனால் நானும் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பீன்யாவையும் அத்திபெலேயையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். மெட்ரோ வந்தபிறகும் பயணத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் போய்விடும். ஹெப்பகோடியில் தங்க இடம் தேடினால் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் தேடுங்கள், நிறைய இருக்கிறது. நவம்பரில் தூறல் திடீரென்று வரும்; கேமராவுக்கு உறை, உங்களுக்குக் குடை, இரண்டும் வேண்டும். கன்னடம் தெரியாவிட்டாலும் இந்த மூன்று இடங்களிலும் தமிழ் கைகொடுக்கும். ஊழியங்களுக்குப் படம் எடுக்கிற என்னைப் போன்றவர்கள், ஒரு சாட்சியில் இன்னொருவர் பேர் வந்தால் அவரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கேமரா இல்லாமல் போனால் இன்னும் நல்லது. சேகர், நாகராஜப்பா இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பேரையும் கம்பெனியின் பேரையும் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

போன வாரம் சேகர் ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அத்திபெலே போயிருந்தாராம். நாகராஜப்பா வீட்டில் சாப்பாடு. குழந்தை கேன்களை உருட்டி விளையாடியதாம். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, முந்தின ஷிஃப்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நாலைந்து பேர் முகம்தான் வந்ததாம். அவர்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது.

"விட்டுடலாமே சேகர்" என்றேன்.

"இல்ல மேடம். அந்தக் கார்டை யாரோ ஒருத்தர் கழட்டித்தானே இருக்கணும்?" என்றார். "அவரை மன்னிக்க நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."